தேருக்கு லீவு கிடைக்குமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் தாண்டியதும் நோணாங்குப்பம் வந்துவிடும். சுண்ணாம்பாறு அங்கே அகலமாகி, அவசரம் ஒன்றும் இல்லாத பெரிய மனிதரைப் போலக் கடலை நோக்கி நடக்கிறது. கரையில் படகுத் துறை. முகத்துவாரத்து மணல்வெளிக்குப் போகப் படகுக்குக் காத்திருக்கும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் மாலை நானும் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதுப் பையன். தலைக்கு மேலே வெகு உயரத்தில், வெள்ளிக் கோடு கிழித்ததுபோல ஓர் ஆகாய விமானம் போயிற்று. பையன் அண்ணாந்து பார்த்தான்.

"ஏம்மா, அதுல வேலை செய்றவங்க எப்போம்மா வீட்டுக்குப் போவாங்க?"

"பேசாம வாடா! படகு வந்துட்டுது" என்றாள் தாய்.

படகு வந்துவிட்டது வாஸ்தவம்தான். ஆனால் பையனுடைய கேள்வியும் என்னோடு கூடவே படகில் ஏறிக்கொண்டது. விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அது சின்னப் பிள்ளைக் கேள்வியே அல்ல என்று. கணக்கில் புலிகளான பெரிய பெரிய பண்டிதர்கள் எல்லாம் மூளையைக் கசக்கிக்கொண்ட கேள்வி அது! விசாரித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை

நோணாங்குப்பத்துப் பெண் ஒருத்தி வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்றில் பணிப்பெண்ணாக இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பக்கத்திலேயே வீராம்பட்டினம். அங்கே செங்கழுநீர் அம்மன் தேர், ஆடி மாதத்தில் ஐந்தாம் வெள்ளிக்கிழமை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தேரை ஓட்டி வைப்பாராம். பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள், வழக்கம் போகவில்லை. துணைநிலை கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார்.

"நீ இல்லாம தேர் பாக்க மனசே வரல கண்ணு. அடுத்த தேருக்கு நான் இருப்பேனோ, இல்லையோ" என்று டெலிபோனில் சொல்கிறாள் ஆயா. (அந்தப் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் அழைப்பார்கள்.) ஆகவே நம் பெண்ணுக்கு அந்த ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும்.

சாதாரண ஆபீஸ் உத்தியோகமாக இருந்தால் என்ன செய்வோம்? 'திடீரென்று ஜுரம்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டுத் தேர் பார்க்கப் போய்விடுவோம். நம் மேஜையில் இருக்கிற கடிதங்கள் ஒரு நாள் காத்திருக்கும். ஆகாய விமானம் காத்திருக்காது. ஐம்பது ஆசனங்களுக்கு ஒரு பணியாளராவது இருக்கவேண்டும் என்று பல நாடுகளில் சட்டம். ஓர் ஆள் குறைந்தால், அத்தனை பிரயாணிகளும் மூட்டை முடிச்சுடன் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் யாருக்கு எந்த நாளில் வேலை, எந்த நாளில் ஓய்வு என்பதை முந்தின மாதமே நிர்ணயம் செய்துவிடுகிறார்கள்.

அதை நிர்ணயம் செய்கிற முறையில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

விலை என்ன?

முதலில் கம்பெனி என்ன செய்கிறதென்றால், அடுத்த மாதத்து விமானங்களை எல்லாம் எடுத்துக் கோத்து, சிறு சிறு பயணங்களாக்குகிறது. ஒரு பயணம் சிப்பந்தியின் சொந்த நிலையத்தில் தொடங்கி, இரண்டு மூன்று ஊர்களில் இறங்கி ஏறி, ஒரு நாளோ நான்கு நாளோ கழித்து அதே நிலையத்தில் வந்து முடியவேண்டும். 'பேரிங்' என்று இதற்குப் பெயர். இப்படிப்பட்ட பேரிங்குகளைச் சேர்த்து, நடுநடுவே ஓய்வு நாட்களையும் வைத்துக் கட்டினால் ஒருவருடைய ஒரு மாத வேலை ஆயிற்று.

அமெரிக்காவில் வெகு காலமாக இருந்துவந்த முறை இது: கம்பெனியே ஆயிரக்கணக்கான மாத வேலைகளை முழுசு முழுசாகக் கட்டி, அச்சடித்து, எல்லோருக்கும் விநியோகம் செய்துவிடும். அதைப் புரட்டிப் பார்த்து, 'எனக்கு இது முதல் விருப்பம், அது இரண்டாவது' என்று சிப்பந்திகள் வரிசையாக எழுதிக் கொடுக்கவேண்டும். இதற்கு 'பிட்' என்று பெயர். ஏலத்தில் கேட்பதற்கும் அதே சொல்தான். ஆனால் இந்த ஏலத்தில் ரூபாய், டாலர் எதுவும் செல்லாது. செல்லுகிற நாணயம் ஒன்றே ஒன்று: கம்பெனியில் சேர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பது. சேர்ந்த தேதியின்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண் சிறியதானால் அதிர்ஷ்டம் பெரியது!

தீபாவளிக்குக் கூட்டுக் குடும்பத்துக்குப் புடவை மூட்டை வந்து இறங்குகிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி முதலில் எடுப்பாள். பிறகு பெரிய மருமகள், நடு மருமகள். போன மாதம் கல்யாணமாகி வந்த கடைசி மருமகளின் கைக்கு வரும்போது, யாருக்குமே பிடிக்காத பாசிப் பச்சை ஒன்று மிஞ்சியிருக்கும். அவளும் சிரித்த முகத்துடன், "எனக்கு இந்தக் கலர்தான் பிடிக்கும்" என்பாள். விமானக் கம்பெனியின் கடைசி மருமகளுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கும் வேலை.

அதுகூட மேல். சிலருக்கு அந்தப் பாசிப் பச்சையும் கிடைப்பதில்லை. அவர்கள் 'ரிசர்வ்' ஆட்கள். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு டெலிபோனைப் பார்த்தபடி வீட்டில் இருக்கவேண்டும். யாருக்காவது ஜுரம் வந்தால், எங்காவது புயலில் விமானம் சிக்கினால், மணி அடிக்கும், உடனே கிளம்பவேண்டும். மணி அடிக்காவிட்டால்? அப்போதும் வீட்டை விட்டு நகர முடியாது. பக்கத்துத் தெருவில் கல்யாண மேளம் கேட்டாலும் காதால் கேட்டுக்கொள்வதோடு சரி.

யந்திரத்திடம் விண்ணப்பம்

கம்ப்யூட்டர் வந்த பிறகு முறை கொஞ்சம் மாறியது. பல கம்பெனிகளில் இப்போது கட்டி வைத்த மூட்டையைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. 'உங்கள் விருப்பங்களை எழுதுங்கள். அதற்கேற்ப யந்திரமே மூட்டை கட்டித் தரும்' என்கிறார்கள். 'வெள்ளிக்கிழமை ஓய்வு வேண்டும். லண்டன் போகப் பிடிக்கும். அதிகாலை வேலை வேண்டாம். தொடர்ந்தாற்போல நாலு நாள் வீட்டில் இருக்கவேண்டும்' என்றெல்லாம் எழுதலாம்.

எழுதுவதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் நீளமாக ஒரு ஜாபிதாவே எழுதிவிடுகிறார்கள். லண்டனும் வேண்டும், சனி ஞாயிறும் வேண்டும், ராத்திரித் தூக்கமும் வேண்டும்! கடைசியில் எது முக்கியம் என்பதே அடிபட்டுப் போகிறது. அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. எதை விட்டுக்கொடுக்கவே முடியாதோ அதை முதலில் போட்டுவிட்டு, மற்றதற்கெல்லாம் 'ஆனால் ஆகட்டும்' என்று விட்டுவிடுவார்கள். நம் பெண்ணும் புத்திசாலியாக இருந்தால், லண்டனை மறந்துவிட்டு, 'தேர் வெள்ளிக்கிழமை' என்று அந்த ஒன்றை மட்டும் தலைக்கு மேல் எழுதவேண்டும்.

யந்திரம் இதை எப்படித் தீர்க்கிறது? கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஏர் கனடா கம்பெனிக்காக இந்தக் கணக்கைப் போட்ட விதத்தை 1998-ல் வெளியிட்டார்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது: வரிசையில் முதல் எண்காரருக்கு அவர் விருப்பப்படி மிகச் சிறந்த மாதத்தைக் கொடு, பிறகு இரண்டாம் எண், பிறகு மூன்றாம் எண். ஆனால் ஒவ்வொரு முறையும் யந்திரம் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கவேண்டும். 'இவருக்கு இதைக் கொடுத்துவிட்டால், மிச்சம் இருக்கிறவர்களைக் கொண்டு மிச்சம் இருக்கிற விமானங்களை எல்லாம் ஓட்ட முடியுமா?' முடியாது என்று தெரிந்தால், பெரியவரானாலும் அவர் விருப்பத்தில் கொஞ்சம் குறைத்துத்தான் தரவேண்டும். பந்தியில் முதல் இலைக்குப் பாயசம் ஊற்றும்போதே கடைசி இலைக்கு மிஞ்சுமா என்று அண்டாவை எட்டிப் பார்க்கிற சமையல்காரரின் கணக்குதான் இது. இலைகள்தாம் இங்கே ஆயிரக்கணக்கில்!

காத்திருந்தால் கிடைக்குமா?

'இது என்ன நியாயம்? சின்னவர்களுக்கு மட்டும் பண்டிகை கிடையாதா?' என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தத் தொழிலாளர்களும் சங்கங்களும் மூப்பு வரிசையை உயிராகக் காப்பாற்றுகிறார்கள். காரணம் இருக்கிறது. மூப்புக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. மேலதிகாரியின் வீட்டுக்கு மாம்பழக் கூடை அனுப்பினாலும் எண் மாறாது. இன்று கடைசியில் நிற்பவர் பொறுமையாக நின்றால் ஒரு நாள் முன்னால் வந்து சேருவார்.

அந்த எண்ணுக்கு இருக்கிற மதிப்பைக் கேளுங்கள். துணை விமானியாக இருப்பவர், 'காப்டன் ஆகிறாயா?' என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவதும் உண்டு! காப்டன் வரிசையில் போய்க் கடைசி ஆளாக நின்று பண்டிகை தோறும் பறப்பதைவிட, துணை விமானிகளில் முதல் ஆளாக இருந்து பிள்ளைகளோடு வீட்டில் சாப்பிடுவது மேல் என்று கணக்குப் போடுகிறார்கள். வேறு கம்பெனிக்குப் போனாலோ, இருபது வருஷ அனுபவசாலியும் நேற்றுச் சேர்ந்தவருக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

ஆனால், காத்திருந்தால் கிடைக்கும் என்ற நியாயம், காத்திருக்க விட்டால்தானே செல்லும்? பெண்களை வெகு காலம் காத்திருக்கவே விடவில்லை. அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதி வரையில் பல கம்பெனிகளில், பணிப்பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். சில கம்பெனிகளில் 32 வயதானால் போய்விடும். நம் நாட்டிலும் ஏர் இந்தியாவில், 35 வயதிலோ, சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டாலோ, முதல் குழந்தை உண்டானாலோ பணிப்பெண் விலகவேண்டும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்ஸா என்பவரும் அவருடைய தோழிகளும் வழக்காடினார்கள். 1981-ல் சுப்ரீம் கோர்ட், குழந்தை உண்டானால் வேலை போகும் என்ற விதியைத் தள்ளியது. ஆனால் நாலு வருஷக் கல்யாணத் தடையை அப்போது ஒப்புக்கொண்டது. வரிசையில் நிற்பவளை நடுவழியில் வெளியே இழுத்துவிட்டு, 'மூத்தவர்களுக்குத்தான் முதல் சலுகை' என்று சொன்னால் அதில் என்ன பொருள் இருக்கிறது, சொல்லுங்கள்?

குப்பத்துக்காரர் கண்ட வழி

மூப்பைத் தவிர வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போகவேண்டாம். குப்பம் என்றால் மீனவர் குடியிருப்பு. அந்த மீனவர்களைக் கேட்டாலே போதும்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறதல்லவா? அங்கே இறால் அதிகமாக விழுகிற நல்ல இடங்கள் சில உண்டு. சுமாரான இடங்களும் உண்டு. எல்லோரும் நல்ல இடத்துக்கே போனால் வலையோடு வலை மோதும், ஆளோடு ஆள் மோதும். ஆகவே அங்குள்ள மீனவ கிராமத்தார் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வரும். இன்று உனக்கு, நாளை எனக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் வலை கட்டும் இடத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. வரிசையில் பெயர் இல்லாதவருக்கு அந்த இடத்தில் வலை போட உரிமை இல்லை என்று தகராறுகள் நடந்ததுண்டு. ஆனாலும் வரிசையில் இருக்கிறவர்களுக்குள்ளே பெரியவன் சின்னவன் என்ற பேதம் இல்லை.

சில வளைகுடா நாட்டு விமானக் கம்பெனிகள் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகின்றன. சிப்பந்திகளைக் குழுக்களாகப் பிரித்து, மாதத்துக்கு மாதம் முதல் சலுகையைச் சுற்றி விடுகிறார்கள். இந்த மாதம் உங்கள் குழு கேட்டதெல்லாம் கிடைக்கும். இன்னொரு மாதம் ரிசர்வில் உட்காரவேண்டும். இதில் நேற்று வந்தவளுக்கும் ஒரு நல்ல மாதம் நிச்சயம். ஆனால் பதினைந்து வருஷம் உழைத்தவளுக்கும் ஒரு கெட்ட மாதம் நிச்சயம்! எந்த முறையானாலும் யாரோ ஒருவர் பண்டிகையன்று பறந்தே ஆகவேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் பேச்சு.

எல்லோருக்கும் லீவு கொடுத்த யந்திரம்

'எல்லோருக்குமே கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன?' என்று தாராள மனசுக்காரர்கள் கேட்கலாம். அதுவும் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டது. 2017 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. 'வேலையை விட்டுவிடலாமா?' என்று கேட்ட விமானிகளுக்கெல்லாம் அது தாராளமாக, 'ஆஹா, விடலாமே!' என்று லீவு வழங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயம் வேறு! விமானிகள் சங்கத்தின் கணக்குப்படி 15,000-க்கும் மேற்பட்ட விமானங்களுக்கு ஓட்ட ஆள் இல்லை. கம்பெனி பதறிப்போய், வருகிறவர்களுக்கு ஒன்றரைப் பங்கு சம்பளம் தருவதாகச் சொல்லி ஒருவாறு சமாளித்தது. கர்ண மகாராஜாவை ரோஸ்டர் போட உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும்!

நம் நாட்டில் இந்த 'பிட்' சமாசாரம் அவ்வளவாக வேரூன்றவில்லை. பெரும்பாலும் கம்பெனியே ரோஸ்டரைப் போட்டுக் கையில் கொடுக்கிறது. அதனால் இங்கே பெரிய வழக்கு எந்த நாள் வேண்டும் என்பதைப் பற்றி அல்ல. எத்தனை மணி தூக்கம் வேண்டும் என்பதைப் பற்றி. விமானிகளுக்கு வாரத்தில் தொடர்ந்து 36 மணி ஓய்வு என்று இருந்ததை 48 மணியாக்கி, ராத்திரி இறக்கங்களையும் ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் விதி வகுத்தது. அது 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையில் அமுலுக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததை நீங்களே பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்த டிசம்பரில் இண்டிகோ கம்பெனிக்குப் புது விதிப்படி ரோஸ்டர் போட விமானிகள் போதவில்லை. டிசம்பர் 5-ம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் விமான நிலையத் தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் சில விதிகளை 2026 பிப்ரவரி 10 வரையில் அந்தக் கம்பெனிக்குத் தளர்த்திக் கொடுக்கவேண்டி வந்தது.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சிறியது. பெரிய ஜெட் விமானம் இறங்க இடம் போதாது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் விசிறி வைத்த 78 ஆசன விமானங்கள்தாம் பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்து போகத் தொடங்கின. அத்தனை சிறிய விமானமானாலும், தூக்கம் கெட்ட கண்ணோடு ஓட்டக்கூடியது அல்ல. எந்த நாளில் ஓய்வு என்பதில் பேரம் பேசலாம். ஓய்வே உண்டா இல்லையா என்பதில் பேரம் பேசக்கூடாது. ஏலத்துக்கு வரவே கூடாத பொருள் தூக்கம்.

அப்புறம், தேர்?

நம் பெண்ணை ஜூலை மாதத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவளுக்கு லீவு கிடைத்ததா என்று கேட்பீர்கள்.

வரிசையில் அவள் கடைசியில் நிற்பவள். பட்டியல் வெளியாகிறது. விரலை வைத்துத் தேடிப் பார்க்கிறாள். தேர் வெள்ளிக்கிழமைக்கு நேரே, 'லண்டன்' என்று போட்டிருக்கிறது! வேண்டாத நாளில் வேண்டிய ஊர்.

ஆனால் பட்டியல் வந்ததோடு கதை முடிவதில்லை. ஒருவர் பயணத்தை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ள இடம் உண்டு. ஓய்வு நேர விதி மட்டும் இடறக்கூடாது. மூப்பு எண், யந்திரம் எதுவும் அங்கே வேண்டாம். மனுஷருக்கு மனுஷர் கேட்டால் போதும். அந்த வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்திருக்கும் மலையாளத் தோழி ஒருத்தியிடம் நம் பெண் கேட்கிறாள்.

"சேச்சி, எனக்காக லண்டன் போறீங்களா? எங்க ஊர்ல தேர்."

சேச்சி தன் பட்டியலை எடுத்துப் பார்க்கிறாள். அதே மாதக் கடைசியில் ஓணம். அன்று அவளுக்கு வேலை; நம் பெண்ணுக்கு ஓய்வு.

"உன் தேருக்கு நான் போறேன். என் ஓணத்துக்கு நீ போ" என்கிறாள் சேச்சி.

மாண்ட்ரியால் பண்டிதர்களின் கணக்குக்குப் படியாத தேர், இரண்டு பெண்கள் காப்பி குடிக்கிற நேரத்தில் நகர்ந்துவிட்டது!

இது என் கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட கைமாற்றுகள் மாதா மாதம் உலகம் முழுவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இனிமேல் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நீங்கள் விமானத்தில் ஏறும்போது, வாசலில் கைகூப்பி நிற்கிற பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். அவள் வரிசையில் கடைசியில் நிற்பவளாக இருக்கலாம். அல்லது யாரோ ஒரு தோழியின் ஆயாவுக்காகத் தன் பண்டிகையை விட்டுக்கொடுத்தவளாக இருக்கலாம். பதிலுக்குக் கைகூப்பி ஒரு வார்த்தை, "பொங்கல் வாழ்த்து அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள்.

நோணாங்குப்பத்துப் பையனை மறுபடியும் பார்த்தால் நான் சொல்லப்போகும் பதிலும் இதுதான்: "அவங்க எல்லாரும் வீட்டுக்குப் போவாங்கடா தம்பி. ஆனா, ஒருத்தர் போறதுக்கு இன்னொருத்தர் மேலே பறக்கணும்."